கார்டு கடைசியில்: உப்புக்காற்று ஊரில் கிராஃபிக்ஸ் கார்டு வாங்க

கேமிங்குக்கு கிராஃபிக்ஸ் கார்டு (திரையில் படத்தை வரையும் கார்டு) வேண்டும் என்று கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் என் கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மூன்று விஷயம். மானிட்டர் என்ன, எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) என்ன, வீடு எந்தப் பக்கம். கடைசிக் கேள்விக்கு எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டரும், குளச்சலில் கடலைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி உழைக்காது. அதனால்தான் கேட்கிறேன். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கார்டைத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலை இல்லை.

என் அக்கா மகன் கணக்கையே சொல்கிறேன். வீடு முட்டம். கையில் 30,000 ரூபாய். "மாமா, 16 ஜிபி கார்டுதான் வேணும்" என்று வந்து நின்றான்.

"எந்த மானிட்டர்ல விளையாடுத மக்களே?"

"24 இன்ச், 1080பி."

பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது. ஜிபி என்பது கார்டில் உள்ள மெமரியின் அளவு, 1080பி என்பது திரையின் புள்ளிக் கணக்கு. 1080பி மானிட்டருக்கு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, 5060 போன்ற 8 ஜிபி கார்டுகளே இன்றைக்கும் பெரும்பாலான கேம்களை நன்றாக ஓட்டும். வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மட்டும் விளையாடுகிறவர் இவற்றில் விலை குறைந்ததை வாங்கி, மிச்சப் பணத்தை ப்ராசஸரிலோ 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 தடவை படம் மாற்றும்) மானிட்டரிலோ போடலாம். அந்த மாதிரி கேம்களில் ப்ராசஸர்தான் அதிகம் உழைக்கிறது.

சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கேம்கள்தான் வேண்டும், டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படத் தரத்தை) மேலேயே வைக்க வேண்டும் என்றால் கதை வேறு. கார்டின் மெமரி நிறைந்துவிட்டால் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) பெரிதாகக் குறையாமலே கேம் திடீர் திடீரென்று திக்கும். சுவர், முகமெல்லாம் மங்கலாக வந்து, கொஞ்சம் கழித்துத்தான் தெளியும். இவர்களுக்கு 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 அல்லது இன்டெல் ஆர்க் பி580 பார்க்கலாம். 3060 2021-ல் வந்த கார்டு. வேகத்தில் 4060-க்குக் கீழேதான், ஆனால் அந்த 12 ஜிபி கைகொடுக்கும். பி580 2024 டிசம்பரில் வந்தது, வேகமும் உண்டு. ஆனால் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்கில்) ரீசைசபிள் பார், அதாவது கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரேயடியாக அணுக விடும் வசதி, ஆன் ஆகியிருக்க வேண்டும், ப்ராசஸரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும். பழைய ப்ராசஸரோடு போட்டால் அதன் முழு வேகம் கிடைக்காது. 1440பி மானிட்டர் வைத்திருப்பவர் 12 ஜிபிக்குக் கீழே போகவே வேண்டாம். இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி எடுப்பது நல்லது. 5060 டிஐ-யின் 8 ஜிபி மாடலை நான் யாருக்கும் சொல்வதில்லை. அவ்வளவு காசு கொடுத்து வேகமான சிப் வாங்கிவிட்டு மெமரியில் மாட்டிக்கொள்வானேன்?

பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 3060 என்ற பெயரிலேயே 8 ஜிபி மாடலும் உண்டு, அதன் மெமரி பாதை 192 பிட்டுக்குப் பதில் 128 பிட், அதாவது குறுகல். 3050-ன் 6 ஜிபி மாடல் 8 ஜிபி மாடலைவிட வேகம் குறைந்தது. ஆனால் 70 வாட்தான், தனி பவர் கேபிளே வேண்டாம். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட அது நல்ல கார்டு. அதேபோல 1660 சூப்பர் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற புதிய கேம்கள் ரே ட்ரேசிங் (ஒளி, நிழலைக் கணக்கிட்டு வரையும்) வசதி இல்லாத கார்டில் ஓடாது.

மதர்போர்டையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். 4060, 7600, 6600 மூன்றும் மதர்போர்டோடு பேச எட்டு லேன் (பாதை) மட்டுமே பயன்படுத்துகின்றன. கார்டு சொருகும் இணைப்பு பிசிஐஇ 4.0 ஆக உள்ள போர்டில் பிரச்சினை இல்லை. அதைவிட மெதுவான 3.0 போர்டில், மெமரி நிறைந்த நேரத்தில் திக்கல் அதிகமாகும். மருமகனிடம் இருந்தது எச்410 போர்டும் ஐ5-10400எஃப் ப்ராசஸரும், அதாவது 3.0. அவன் விளையாடுவதெல்லாம் பெரிய கேம்கள். எனவே பதினாறு லேன் உள்ள 3060 12 ஜிபி என்று முடிவு செய்தோம்.

அப்புறம் எஸ்.எம்.பி.எஸ். இதில்தான் நம் ஆட்கள் கஞ்சத்தனம் பண்ணுவார்கள். அவனுடைய பெட்டியின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 500 வாட் என்று இருந்தது. கேபினட்டைத் திறந்து லேபிளைப் பார்த்தோம். 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். 3060 ஒன்றே 170 வாட் எடுக்கும், ப்ராசஸர் 65, அதற்கே 235 ஆகிவிட்டது. கார்டுக்கும் ப்ராசஸருக்கும் கரண்ட் அந்த 12 வோல்ட் வரிசையிலிருந்துதான் போகிறது. கார்டுக்குக் கரண்ட் கொடுக்கும் எட்டு பின் கேபிளும் அதில் இல்லை. மோலெக்ஸ் (பழைய நாலு பின் கேபிள்) கன்வெர்ட்டர் போட்டு ஒப்பேற்றலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது சூடாகி உருகக்கூடும். 30,000-ல் ஒரு பங்கை ஒதுக்கி நல்ல 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வாங்க வைத்தேன்.

யுபிஎஸ் கணக்கும் உண்டு. 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். காற்றடி காலத்தில் தென்னை மட்டை லைனில் விழுந்து கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் நம்முடையது. சின்ன யுபிஎஸ்ஸை மாற்ற வழியில்லாதவர்களுக்கு 115 வாட் எடுக்கும் 4060 தோதானது.

இனி உப்புக்காற்று. கடலோர வீட்டிலிருந்து வரும் கார்டைக் கழற்றினால் முதலில் ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள், துரு பிடித்திருக்கும். எச்டிஎம்ஐ ஓட்டையைச் சுற்றியுள்ள தகட்டில் வெள்ளைப் பொடி. டார்ச் அடித்து ஹீட் சிங்க் இடுக்கில் பார்த்தால் செம்புக் குழாய் முனையில் பச்சைக் களிம்பு. வெளியே இவ்வளவு தெரிந்தால் போர்டுக்குள் என்ன நிலை என்று யோசித்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது இதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கார்டை மாட்டி ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் மாடல் சரிதானா என்று பாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் 2048 ஷேடர் (படத்தைக் கணக்கிடும் அலகு) மட்டுமே உள்ள குறைந்த வகையும் உலவுகிறது, ஒரிஜினலுக்கு 2304. பிறகு அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டி, சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் கவனியுங்கள்.

கடலோரத்துக்காரர்கள் கேபினட்டை ஜன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் தினமும் கொஞ்ச நேரமாவது ஆன் பண்ணுங்கள், அந்தச் சூட்டில் ஈரம் போகும். பிளாஸ்டிக் கவர் போட்டு மாதக்கணக்கில் மூடி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

புதுக் கார்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பில் வேண்டாம், குறைத்துத் தருகிறேன் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான கார்டுகளுக்கு மூன்று வருட வாரண்டி உண்டு, பில் இல்லாமல் போனால் அதைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு. பில்லில் சீரியல் நம்பர் எழுதியிருக்கிறதா, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். துருவையும் நீர் பட்டதையும் வாரண்டியில் எடுக்க மாட்டார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

வாங்கும் முன் கேபினட்டுக்குள் டேப் வைத்து நீளம் அளந்துவிடுங்கள். மூன்று ஃபேன் கார்டு பல சின்ன கேபினட்டில் நுழையாது. மாட்டிய பிறகு மானிட்டர் கேபிளைக் கார்டில் சொருகுங்கள், மதர்போர்டில் அல்ல. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 144 ஹெர்ட்ஸையும் தேர்ந்தெடுங்கள். புது கார்டு போட்ட பிறகும் 60-லேயே விளையாடிக்கொண்டிருக்கும் பையன்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.