யானைக்கு வீடு வரைகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

நான் கூடலூரில் இருப்பதால், முதுமலைக் காட்டிலுள்ள தெப்பக்காடு யானை முகாமைப் பார்க்க வரும் கட்டடக்கலை மாணவர்கள் என் வீட்டிலும் எட்டிப் பார்ப்பார்கள். கையில் சுருட்டிய வரைபடம் இருக்கும். பழமையான உயிரியல் பூங்காவில் யானைகளுக்குப் புதிய இடம்: வருஷா வருஷம் ஏறக்குறைய இதே தலைப்பு, இதே தவறுகள். அவற்றில் பாதி, முப்பது வருஷத்துக்கு முன்னால் நானே செய்தவை. அதனால்தான் கோபம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது.

வேலி பலமாக வேண்டும், நிழல் வேண்டும், குளிக்கத் தண்ணீர் வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

யானை வருமா என்று கேட்காமல் வரைவது

நம் நாட்டுப் பூங்கா என்றால் முதலில் 2009-ஆம் ஆண்டு உத்தரவைப் படியுங்கள். உயிரியல் பூங்காக்களிலும் சர்க்கஸ்களிலும் உள்ள யானைகளை முகாம்களுக்கும் சரணாலயங்களுக்கும் மாற்றச் சொன்னது மத்திய உயிரியல் பூங்கா ஆணையம். பென்சில் அப்புறம்.

தெப்பக்காட்டை அப்படியே நகலெடுப்பது

மாயாற்றில் யானை குளிப்பதையும், ராகியும் கொள்ளும் சேர்த்துப் பிடித்த உருண்டையை வாங்கிச் சாப்பிடுவதையும் பார்த்துவிட்டு, "இவ்வளவு இடம் போதும் போலிருக்கே சார்" என்கிறார்கள். சாயங்காலத் தீனி முடிந்ததும் சங்கிலியோடு காட்டுக்குள் மேய விடுவதும், விடிந்ததும் பாகனும் அவருக்கு உதவியாளான காவடியும் தடம் பார்த்துத் தேடிப்போய் அழைத்து வருவதும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அந்த யானைகளின் வீடு காடுதான். உங்கள் பூங்காவின் சுவருக்குப் பின்னால் பேருந்து நிலையம் இருக்கிறது.

தரையைக் கடைசிக்கு விடுவது

ஒரு பூங்காவுக்கு, பெயர் வேண்டாம், நான் வரைந்த முதல் கொட்டாரத்தில், அதாவது யானைக் கொட்டகையில், பார்வையாளர் நடைபாதைக்கு ஆறு தாள், கூரைக்கு நான்கு. தரைக்கு ஒரே வரி: 'கான்கிரீட், வடிகாலை நோக்கி வாட்டம்'. கழுவ சுலபம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். தினம் இரண்டு வேளை குழாயால் பீய்ச்சி அடித்தார்கள். வாட்டம் சரியாக விழாத ஒரு மூலையில் தண்ணீரும் மூத்திரமும் தேங்கின. யானை நின்றதும் அதே மூலையில்தான், ஏனென்றால் பாகன் வரும் கதவு அங்கே இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் வயதான பெண் யானை ஒன்றுக்கு முன்னங்கால் நகம் வெடித்தது. பிறகு சீழ்.

யானைக் காலைத் தூண் என்று நினைக்கிறோம். எலும்பைப் பார்த்தால் அது கிட்டத்தட்ட விரல் நுனியில் நிற்கிறது; பின்பக்கம் கொழுப்பு மெத்தை தாங்குகிறது. நகமும் பாதத் தோலும் நடந்து நடந்து தேய வேண்டியவை. ஈரமான கெட்டித் தரையில் ஒரே இடத்தில் நின்றால் அவை ஊறி, வெடித்து, கிருமி ஏறும். விட்டால் எலும்பு வரை போகும். மூன்று, நான்கு டன் உடம்பை வைத்துக்கொண்டு வலிக்கிற காலுக்கு எப்படி ஓய்வு கொடுப்பது? அடைத்து வளர்க்கும் யானைகளைக் கொல்பவற்றில் கால் நோயும் மூட்டு நோயும் முன்வரிசையில் இருக்கின்றன.

நகம் வெடித்த அந்த யானையைப் பார்க்க முதுமலைப் பக்கத்து முதிய பாகன் ஒருவரை அழைத்துப் போனேன். அவர் காலைப் பார்க்கவில்லை, விலாவைப் பார்த்தார்.

"ராத்திரி படுக்குதுங்களா சார்?"

எனக்குத் தெரியவில்லை.

"படுத்தா ஒரு பக்கம் மண்ணு ஒட்டியிருக்குமே."

கழுவிய தரையில் மண் எப்படி ஒட்டும் என்று வாதம் செய்தேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி நானே உட்கார்ந்து பார்த்தேன். விடியும் வரை சுவரில் சாய்ந்தே நின்றது. கெட்டித் தரையில் படுத்தால் எழுந்திருப்பது வயதான யானைக்குப் பெரும்பாடு. அதனால் படுப்பதையே விட்டிருந்தது. மணல் மேட்டில் என்றால் சரிவில் சாய்ந்து படுத்து, அந்தச் சரிவின் உதவியாலேயே எழுந்துவிடும்.

சரி, மணல் போடலாம் என்று முடிவெடுத்தோம். அங்கேயும் புத்தி வரவில்லை. செலவைப் பார்த்து, பழைய கான்கிரீட்டின் மேலேயே மணலைக் கொட்டினோம். நாலே மாதத்தில் நாற்றம் நடைபாதை வரை வந்தது. மறுபடி யானையை மாற்றி, பிரேக்கர் வைத்து உடைத்து, ஜல்லி பரப்பி, துளைக் குழாய் பதித்து, அதற்கு மேல் மணல். ஒரே தரைக்கு மூன்று தடவை பணம். கடைசி பில்லில் கையெழுத்து வாங்கப் போன நாளை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

ஒரு மீட்டராவது மணல் வேண்டும் என்றால் அஸ்திவார ஆழம், கதவின் அடிமட்டம், மணலைப் புரட்ட ஜேசிபி நுழையும் அகலம் எல்லாமே மாறும். ஆகவே தரைதான் முதல் தாள். 1831-இல் திறந்த டப்ளின் பூங்கா 2007-இல் யானைகளுக்குப் புது இடம் அமைத்தபோது, உள்ளே ஆழமான மணல் தரைதான் போட்டது. 'மணலை எப்படி சார் கழுவுவது?' என்று போன மாதமும் ஒரு பையன் கேட்டான். கழுவ வேண்டாம் தம்பி. லத்தியை, அதாவது யானைச் சாணத்தை, அள்ளு, நனைந்த மணலை மாற்று, மீதி கீழே வடிந்துவிடும்.

பழைய கட்டடத்தின் மேல் காதல்

லண்டன் பூங்காவில் 1965-இல் ஹியூ காசன் வடிவமைத்த யானைக் கட்டடம், கை வைக்கக் கூடாத பாரம்பரியச் சின்னம். பராமரிப்பாளர் ஒருவர் யானையால் இறந்த பிறகு, 2001-இல் யானைகள் நகருக்கு வெளியே உள்ள விப்ஸ்னேடு பூங்காவுக்குப் போய்விட்டன. கட்டடம் அங்கேயே நிற்கிறது. பழைய சுவரைக் காப்பாற்ற ஆசையிருந்தால் அதில் அலுவலகம் வையுங்கள், தீவன அறை வையுங்கள்.

அகழி

செங்குத்தாக வெட்டாதீர்கள். யானைகளுக்குள் தள்ளுமுள்ளு வந்தால் ஒன்று உள்ளே விழும்.

மரம்

காப்பு வேலி இல்லாத மரத்துக்குப் பச்சை தீட்டாதீர்கள். ஒரு வாரத்தில் பட்டை இருக்காது.

லத்தி

ஒரு யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் நூறு கிலோ. டிராக்டர் எங்கே திரும்பும்?