தேவிபட்டினம் போய் தேவியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்

ராமேசுவரம் போகிற வேன்கள் பெரும்பாலும் தேவிபட்டினத்தில் அரைமணி நேரம்தான் நிற்கும். இறங்கியதும் கூட்டம் கடலைப் பார்த்து நடக்கும். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களான நவபாஷாணத்தைச் சுற்றிவிட்டு மறுபடியும் வேன். ஊருக்குப் பேர் கொடுத்த மகிஷாசுரமர்த்தினியின் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே போகவே மாட்டார்கள். எனக்கு மனசு ஆறாத தவறு இதுதான்.

இந்தக் கரையின் கதை அவளிடமிருந்துதான் தொடங்குகிறது. ஸ்காந்த புராணத்தின் சேது மாகாத்மியம் சொல்வது இது. தேவியிடம் அடி தாங்காத மகிஷன் தென்கடல் ஓரத்துக்கு ஓடிவந்து, தர்ம புஷ்கரணி என்ற குளத்துக்குள் மூழ்கி ஒளிந்துகொண்டான். தேடி வந்த தேவிக்கு அசரீரி இடத்தைக் காட்டிக் கொடுத்தது. அவள் தன் சிங்கத்தைப் பார்த்து, தண்ணீர் முழுவதையும் குடி என்றாள். குளம் வற்றியது. சேற்றில் நின்றவன் தலையில் காலை ஊன்றி வதம் செய்தாள். அதே குளத்தின் கரையில் தவம் செய்த காலவ முனிவரை வேறோர் அரக்கன் பிடிக்க வந்தபோது, திருமாலின் சக்கரம் வந்து காத்தது. அதனால் சக்கர தீர்த்தம் என்ற பெயரும் சேர்ந்தது. இதைக் கேட்டதும் சிலர், மகிஷனை வதைத்தது மைசூர் சாமுண்டி மலையில் அல்லவா என்று வாதம் செய்வார்கள். தலபுராணத்தை அந்தந்த மண்ணில் நின்று கேட்க வேண்டும். எது சரி என்று தீர்ப்பு எழுதப் புறப்பட்டால் இரண்டு கதையும் கைவிட்டுப் போகும்.

ராமர் வருவது அதற்குப் பிறகு. சேது கட்டுமுன் நவக்கிரகங்களை வேண்டி ஒன்பது கற்களை அவர் தம் கையால் நட்டார் என்பது நம்பிக்கை. அலை ஓயாமல் அடித்ததால் பெருமாளை வேண்டினார், கடல் அடங்கியது என்பார்கள். அவர்தான் இங்குள்ள கடலடைத்த பெருமாள். பாக் விரிகுடாவின் இந்த ஓரத்தில் அலை இன்றைக்கும் குளம் மாதிரித்தான் தளும்பும்.

இங்கே இன்னொரு குழப்பம் ஏற்படும். பாஷாணம் என்றதும் பழனி முருகன் நினைவு வந்து, இந்தக் கற்களும் ஒன்பது விஷங்களால் போகர் செய்தவை என்று விளக்கம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாஷாணம் என்ற சொல்லுக்கு விஷம் என்ற பொருளும் உண்டு, கல் என்ற பொருளும் உண்டு. பழனியில் முதல் பொருள், தேவிபட்டினத்தில் இரண்டாவது. கண்ணும் மூக்குமாகச் சிலைகளை எதிர்பார்த்தும் போகாதீர்கள். உப்புத் தண்ணீர் அரித்த கல் தூண்கள்தான். தலையில் மஞ்சளும் பூவும், அடியில் யாரோ விட்ட நவதானியம் ஊறி மிதக்கும்.

கூடவே துணியும் மிதக்கும். பரிகாரம் முடிந்ததும் உடுத்திய துணியைக் கடலில் விட்டால் தோஷம் தீரும் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஒருமுறை கல்லின் அடியில் சுற்றிக் கிடந்த சேலை ஒன்றை இழுத்துப் பார்த்தேன். மண்ணில் புதைந்து இறுகி வரவே இல்லை. அந்தத் துணிதான் நகர்ந்து போய் நண்டு வலையிலும் படகு விசிறியிலும் சிக்குகிறது. ஆவுளியா என்ற கடற்பசு மேய்கிற கடற்புல் படுகைகள் இருக்கிற கடல் இது. என் அத்தை தன் சேலையைப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டு, "ஆத்தாவுக்கு என் மனசு தெரியும்யா, சேலை எதுக்கு?" என்றார். அதுவே எனக்குப் போதுமான பதில்.

பூஜை செய்து வைக்கிறவரிடம் தட்சணையை உட்காருமுன் பேசிவிடுங்கள். சங்கல்பத்தின் நடுவில் பேரம் பேசினால் இரண்டு பக்கமும் மனக்கசப்புதான்.

நேரத்திலும் கோட்டை விடுகிறோம். ராமேசுவரத்தை முடித்துவிட்டு நடுப்பகலில் இங்கே வந்தால் அம்மன் சந்நிதி நடை சாத்தியிருக்கும், கால் வைக்க முடியாதபடி தரை சுடும். ராமநாதபுரத்திலிருந்து 15 கிலோமீட்டர்தான்; விடிகாலையில் கிளம்புங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் முதல் நாள் இரவே கூட்டம் நிறைந்துவிடும். வயதானவர்களோடு வருகிறவர்கள் வேறு நாள் பார்ப்பது நல்லது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கேயிருந்து வந்தால் முதலில் உப்பூர் வெயிலுகந்த விநாயகர், பிறகு தேவிபட்டினம், அப்புறம் திருப்புல்லாணி, சேதுக்கரை, கடைசியில் ராமேசுவரம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இந்த வரிசையில்தான் போவார்கள். தேவிபட்டினத்தில் இறங்கினால் முதலில் ஊருக்குள் நடந்து அவளைக் கும்பிட்டுவிட்டு, பிறகு கடலுக்கு வாருங்கள்.