காந்தல்லூரா, வட்டவடையா? மே மாத விடுமுறைக்கு ஊர் தேர்ந்தெடுப்பது எப்படி

2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமான பிறகு, பலருடைய பார்வை இடுக்கி மாவட்டத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. காந்தல்லூர், வட்டவடை இரண்டுமே பழமும் காய்கறியும் விளைகிற மலைக்கிராமங்கள். இரண்டிலும் தமிழ் பேசினால் போதும். இரண்டுக்கும் போய்த் தங்கிவந்தவன் என்ற முறையில், ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் பின்பற்றும் வழி இது.

படி 1: மாதத்தைப் பாருங்கள், படத்தைப் பார்க்காதீர்கள்

இணையத்தில் வரும் காந்தல்லூர் படங்களில் சிவந்த ஆப்பிள் தொங்கும். அது ஜூலைக்குப் பிறகு, பெரும்பாலும் ஆகஸ்ட் வாக்கில் எடுத்த படம். மே மாதம் போனால் மரத்தில் சின்னப் பச்சைக் காய்தான் இருக்கும். பிள்ளைகளிடம் "ஆப்பிள் பறிக்கப் போறோம்" என்று சொல்லிக் கூட்டிப் போய்விடாதீர்கள்.

மே மாதத்தில் காந்தல்லூரின் பழம் பிளம்ஸ். வாங்கும்போது தோலைக் கவனியுங்கள். மெல்லிய வெண்பொடி பூத்தாற்போல் இருந்தால் பறித்து அதிகக் கைபடாத பழம். பளபளவென்று மின்னினால் பல கை மாறியிருக்கிறது.

வட்டவடையின் பழம் ஸ்ட்ராபெரி. ஏப்ரல் தாண்டினால் வரத்து குறைந்துவிடும். அங்கே கண்ணை நிறைப்பது படிக்கட்டுப் படிக்கட்டாக இறங்கும் கேரட், முட்டைக்கோஸ், பூண்டு வயல்கள்.

கிளம்புவதற்கு முன் தங்கும் விடுதிக்குப் போன் போட்டு, "அண்ணே, இப்ப தோட்டத்துல என்ன பறிக்கிறாங்க?" என்று கேளுங்கள். "எல்லாம் இருக்கு சார்" என்று பதில் வந்தால் வேறு விடுதியைப் பாருங்கள். இன்ன பழம் இருக்கு, இன்னது முடிஞ்சுபோச்சு என்று பெயர் சொல்பவரை நம்பலாம்.

படி 2: சாலையைப் பிடியுங்கள்

பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். வரைபடத்தில் இரண்டு ஊரும் அக்கம்பக்கம். அதைப் பார்த்து "முதல் நாள் காந்தல்லூர், மறுநாள் வட்டவடை" என்று திட்டம் போடுகிறார்கள். நடுவில் இருப்பது மலையும் காடும். காரில் போக வேண்டுமானால் மறையூருக்கு இறங்கி, மூணாறு போய், மாட்டுப்பெட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியாகச் சுற்ற வேண்டும். சுமார் 100 கிலோமீட்டர், முழுக்க வளைவு. சிறு பிள்ளைகளோ பெரியவர்களோ இருந்தால் ஒரு பகலே போய்விடும். ஒரு பயணத்துக்கு ஒரு ஊர் என்று முடிவு செய்யுங்கள்.

அதேபோல, டாப் ஸ்டேஷனிலிருந்து கொடைக்கானலுக்குக் குறுக்கே போய்விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பழைய சாலையில் வாகனங்களுக்கு அனுமதி கிடையாது.

கோவை, திருப்பூர், பொள்ளாச்சிக்காரர்களுக்குக் காந்தல்லூர்தான். உடுமலைப்பேட்டையிலிருந்து ஒன்பதாறு சோதனைச் சாவடி, சின்னாறு சரணாலயம், மறையூர். அங்கிருந்து இன்னும் 16 கிலோமீட்டர் ஏற்றம். மதுரை, தேனிப் பக்கத்தவர்கள் போடிமெட்டு வழியாக மூணாறு போய் வட்டவடைக்குத் திரும்பலாம். மூணாறிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். மே மாத மூணாறு நெரிசலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வட்டவடைக்கு முன்னால் பாம்பாடும்சோலை தேசியப் பூங்கா வரும். கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா, ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஊருக்குள் போகும் சாலையே அதன் வழியாகத்தான். இரவில் அந்த வழியை அடைத்துவிடுவார்கள். மாலை நான்கு மணிக்குள் சோதனைச் சாவடியைத் தாண்டுவது என் வழக்கம். சின்னாறுக் காட்டையும் பகலிலேயே கடந்துவிடுங்கள், யானை நடமாட்டம் உள்ள இடம்.

காட்டுக்குள் சிக்னல் போய்விடும். வழிகாட்டும் செயலியில் அந்தப் பகுதியை முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள். நான் அதோடு விடுதி எண்ணையும் ஊர்ப் பெயர்களையும் வரிசையாக ஒரு தாளில் எழுதி வண்டியில் வைத்துவிடுவேன். எனக்கு எந்தச் செயலியையும்விட இந்தத் தாள்மீதுதான் நம்பிக்கை.

படி 3: கூட வருபவர்கள் யார்?

பெரியவர்கள் வந்தால் காந்தல்லூர். குளிர் மிதமாக இருக்கும், இறங்கி வந்தால் மறையூரில் பார்க்க நிறைய உண்டு: சந்தனக்காடு, முனியறை என்று அழைக்கப்படும் பெருங்கற்காலக் கல்லறைகள், கரும்புக் காட்டுக்குள் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள். கொட்டகையில் கட்டாயம் நில்லுங்கள். பாகு ஆறும்போதே கையால் உருட்டுவார்கள். விரல் பதிந்த அந்த உருண்டைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்குவதானால் அங்கேயே வாங்குங்கள், நெடுஞ்சாலைக் கடைகளில் வேண்டாம்.

நண்பர்களாகப் போய் நடக்க விரும்பினால் வட்டவடை. குளிர் கூடுதல், வயல் வரப்புகளில் காலை முழுக்க நடக்கலாம். விவசாயி வேலையாக இருக்கும்போது அனுமதி கேட்காமல் பாத்தியில் இறங்காதீர்கள். அது அவர்களுடைய வருடச் சம்பாத்தியம்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார்கள். பேருந்தில் போக முடியுமா? உடுமலையிலிருந்து மூணாறு பேருந்தில் ஏறி மறையூரில் இறங்குங்கள். அங்கிருந்து காந்தல்லூருக்குப் பேருந்தோ ஜீப்போ கிடைக்கும். ஜீப்பில் ஏறும் முன்னரே, பழத்தோட்டங்களைச் சுற்றிக் காட்டுவதும் சேர்த்துத்தான் வாடகையா என்று பேசிவிடுங்கள். இன்னொன்று, மே மாதத்தில் மழை வருமா என்பது. காந்தல்லூர் மழைமறைவுப் பகுதி என்பதால் மூணாறு அளவுக்கு இருக்காது. ஆனாலும் மதியத்துக்கு மேல் கோடைமழை வரலாம், தோட்டத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.