பட்ஜெட் ரூபாய் உடம்பில் சேர்கிறதா? சமூகநலச் செலவைக் கணக்குப் பார்க்கும் முறை

ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட் வந்த மறுநாள் "சமூகநலத்துக்கு இத்தனை ஆயிரம் கோடி" என்று செய்தி வரும். தொகை போதுமா, போதாதா என்ற பேச்சோடு விஷயம் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பணம் ஒரு கர்ப்பிணியின் ரத்தத்திலும் மூன்று வயதுக் குழந்தையின் உயரத்திலும் என்ன செய்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பஞ்சாயத்து உறுப்பினர், செய்தியாளர், ஆராய்ச்சி மாணவர், தொண்டு அமைப்பில் வேலை பார்ப்பவர் என யாரும் இதற்குப் பதில் தேடலாம். தமிழ்நாட்டு அரசின் பட்ஜெட் ஆவணங்கள் எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன. ஒரு கணினியும் பொறுமையும் இருந்தால் முடிகிற வேலைதான்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

"சமூகநலச் செலவால் மக்கள் ஆரோக்கியம் கூடியதா?" என்று தொடங்கினால் விடை கிடைக்காது. ஒரு திட்டம், ஒரு வயதினர், ஒரு உடல்நல அளவு என்று மூன்றையும் முதலில் கட்டிப்போட வேண்டும். "அங்கன்வாடி சத்துமாவு, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை, எடை" என்பது நல்ல கேள்வி. "காலை உணவுத் திட்டம், ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை, குள்ளத்தன்மை" என்பது தவறான கேள்வி. வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் போவது பெரும்பாலும் கருவில் இருக்கும் காலத்திலும் முதல் இரண்டு வயதுக்குள்ளும் முடிவாகிவிடுகிறது. ஆறு வயதில் கொடுக்கும் பொங்கலும் உப்புமாவும் பசியைத் தீர்க்கும், வகுப்பில் கவனத்தைக் கூட்டும், வருகையைக் கூட்டும். இழந்த உயரத்தைத் திருப்பித் தருவது அரிது. அளவைத் தப்பாகத் தேர்ந்தெடுத்து, நல்ல திட்டத்தை "பலனில்லை" என்று தள்ளிவிடும் அநியாயம் இங்கேதான் நடக்கிறது.

பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது?

நிதித்துறை இணையதளத்தில் ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையும் (துறைக்கு வேண்டிய பணத்தைச் சட்டமன்றத்திடம் கேட்கும் ஆவணம்) தனிப் புத்தகமாக இருக்கும். மக்கள் நல்வாழ்வுத் துறை 19ஆம் எண். சமூகநலத் துறை 45. உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு 13. பள்ளிக் கல்வி 43. ஒவ்வொன்றின் உள்ளேயும் நான்கு இலக்கக் கணக்குத் தலைப்புகள் வரும். அவை இந்தியா முழுக்க ஒன்றே என்பதால் கேரளத்தோடும் கர்நாடகத்தோடும் ஒப்பிட உதவும்: 2210 மருத்துவமும் பொது சுகாதாரமும், 2211 குடும்ப நலம், 2215 குடிநீரும் துப்புரவும், 2235 சமூகப் பாதுகாப்பும் நலனும், 2236 ஊட்டச்சத்து, 2408 உணவு, சேமிப்பு, கிடங்கு.

துறையின் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பார்வைக்குச் சமூகநலச் செலவு. ஆனால் அது மக்கள் நல்வாழ்வுத் துறையின் கோரிக்கையில்தான் இருக்கும். ரேஷன் அரிசிக்கான மானியம் 13இல் இருக்கும். 45ஆம் எண்ணை மட்டும் கூட்டி "சமூகநலச் செலவு இவ்வளவுதான்" என்று எழுதினால், சமையலறைக்குப் போகும் பெரிய தொகையே விட்டுப்போகும்.

அடுத்து, ஒவ்வொரு வரியிலும் பல பத்திகள் இருக்கும்: முந்தைய ஆண்டின் கணக்கு, நடப்பாண்டு மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. மேடையில் வாசிப்பது கடைசிப் பத்தி. உங்களுக்கு வேண்டியது முதல் பத்தி. மதிப்பீடு என்பது எண்ணம்தான். கணக்கு என்பதுதான் நடந்தது. ஓராண்டு மதிப்பீட்டையும் இன்னோர் ஆண்டின் கணக்கையும் ஒப்பிட்டால் இல்லாத உயர்வு தெரியும். இந்தியத் தணிக்கைத் துறை வெளியிடும் ஒதுக்கீட்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தால், எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவாகாமல் ஒப்படைக்கப்பட்டது என்பதும் தெரிந்துவிடும்.

நீண்ட காலத் தொடரைப் போடுகிறவர்கள் 2014-15ஐ நினைவில் வையுங்கள். அதற்கு முன் தேசிய சுகாதார இயக்கம் போன்ற மத்தியத் திட்டங்களின் பணம் மாநில பட்ஜெட்டுக்குள் வராமல் அவற்றை நடத்தும் சங்கங்களின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போனது. அந்த ஆண்டிலிருந்து மாநிலக் கருவூலம் வழியாக வருகிறது. அதனால் 2012-13ஐயும் 2016-17ஐயும் பக்கத்தில் வைத்தால் செலவு திடீரென்று எகிறியதுபோலத் தெரியும். அதில் ஒரு பகுதி வெறும் பாதை மாற்றம்.

ரூபாயைத் தலைக்கும் விலைக்கும் வகுங்கள்

மொத்தத் தொகையை மாநில மக்கள்தொகையால் வகுப்பது பொதுவான பழக்கம். அது போதாது. திட்டம் யாருக்கோ அவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் சராசரிக் குழந்தைகள் 2020இல் 1.4. ஐந்து வயதுக்குட்பட்டோர் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால் ஊட்டச்சத்துக்கான மொத்தத் தொகை அப்படியே நின்றாலும் குழந்தைக்குக் கிடைப்பது கூடுகிறது. முதியோர் ஓய்வூதியத்தில் இதற்கு நேர்மாறு: தொகை கூடினாலும் தலைக்குக் கிடைப்பது குறையலாம்.

பிறகு விலை. மகப்பேறு நிதியுதவி 2018 முதல் 18,000 ரூபாய்; இதில் 14,000 ரொக்கம், 4,000 மதிப்புக்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால் ஆறு ஆண்டில் 1.34 மடங்காகும். 18,000ஐ 1.34ஆல் வகுத்தால் சுமார் 13,400. யாரும் எதையும் வெட்டவில்லை, ஆனால் ஒரு தாய்க்குக் கிடைக்கும் பாலும் பேரீச்சையும் கால் பங்கு சுருங்கிவிட்டது. ரூபாயில் நிர்ணயித்த எல்லாத் திட்டத்துக்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள். முட்டை, அரிசி என்று பொருளாகக் கொடுக்கும் திட்டங்களுக்கு இந்த ஆபத்து இல்லை. அங்கே விலை ஏறினால் அரசின் செலவு ஏறும், தட்டில் இருக்கும் முட்டை அப்படியே இருக்கும். உணவுத் திட்டங்களுக்கு விலை சரிசெய்யும்போது பொது விலைக் குறியீட்டை விட்டு உணவுப் பொருள் குறியீட்டை எடுங்கள்.

சம்பளத்தையும் பொருளையும் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். ஊட்டச்சத்துத் தலைப்பில் ஒரு பெரும்பகுதி அமைப்பாளர், சமையலர், உதவியாளர் சம்பளமாகப் போகும். அதை வீண்செலவு என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். சமைக்க ஆளில்லாத மையத்தில் அரிசி மூட்டை யாருக்கும் சோறாகாது. ஆனால் சம்பள உயர்வால் மட்டும் கூடிய செலவைக் குழந்தையின் தட்டு நிறைந்ததாகக் கணக்கில் எழுதக்கூடாது.

தேதியைத் தேடுங்கள்

இந்த வேலையில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். தொகையைவிடத் தேதி முக்கியம். கருவில் குழந்தையின் எடை பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுகிறது. ஊட்டச்சத்துப் பெட்டகம் ஐந்தாம் மாதம் வீட்டுக்கு வந்தால் பிறப்பு எடையில் தெரியும். அதே பெட்டகம் பிரசவத்துக்குப் பிறகு வந்தால் கணக்கில் அது "செலவு", பிறப்பு எடையில் பூஜ்யம். மார்ச் 31 அன்று கருவூலத்திலிருந்து எடுத்து ஒரு வைப்புக் கணக்கில் போட்ட பணமும் செலவுப் பத்தியில் முழுத்தொகையாகவே நிற்கும்.

ஓர் அங்கன்வாடி மையத்தில் இதை எப்படிப் பார்ப்பது? மூன்று பதிவுகள் வேண்டும்: இருப்புப் பதிவேடு, வழங்கிய பதிவேடு, எடைப் பதிவேடு. ஒரு சத்துமாவுப் பாக்கெட்டை எடுத்து அதில் அச்சிட்ட தயாரிப்புத் தேதியைக் குறியுங்கள். இருப்பில் ஏறிய தேதி, தாயின் கையில் கொடுத்த தேதி இரண்டையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். ஆண்டுக்கு 300 நாள் உணவு கொடுக்க வேண்டும் என்பது விதி. இருப்பு பூஜ்யமாக இருந்த நாட்களைக் கூட்டினால் 45 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீதம் அங்கேயே போயிற்று. அதன்பின் வீட்டில் என்ன நடக்கிறது என்று தாயிடம் கேளுங்கள். "மாவை யார் யார் சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் உண்மை வரும். "குழந்தைக்குக் கொடுத்தீர்களா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் வரும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்த மாவு மூன்று பேருக்கும் கஞ்சியாவது இயல்பு. அதில் தப்பில்லை, ஆனால் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உதாரணத்துக்கு, ஒதுக்கியதில் 92 சதவீதம் விடுவிக்கப்பட்டது, 85 சதவீத நாட்கள் இருப்பு இருந்தது, வீட்டில் பாதிதான் உரிய குழந்தைக்குப் போனது என்றால்: 0.92 × 0.85 × 0.5 = 0.39. நூறு ரூபாயில் 39 ரூபாய்க்கான உணவு அந்த உடம்பில் சேர்ந்தது. எந்தக் கண்ணியில் அதிகம் கசிகிறது என்பதும் இதே கணக்கில் தெரியும். இங்கே ஒதுக்கீட்டை உயர்த்துவதைவிட, வீட்டில் மற்ற பிள்ளைகளின் தட்டை நிரப்புவது பலன் தரும். ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் மாதம் தவறாமல் வந்தால் அதுகூட இந்தக் குழந்தையின் ஊட்டச்சத்துச் செலவுதான். இப்படித் திட்டங்கள் ஒன்றையொன்று தாங்குவதைத் துறைவாரிப் புத்தகங்கள் காட்டாது.

உடல்நல அளவை எங்கே எடுப்பது, எவ்வளவு நம்புவது

மாநில அளவில் சிசு மரணம், மகப்பேறு மரணம் இரண்டுக்கும் மாதிரிப் பதிவு முறை (தேர்ந்தெடுத்த இடங்களில் பிறப்பு, இறப்பைத் தொடர்ந்து கணக்கெடுக்கும் மத்திய அரசு ஆய்வு) அறிக்கை. தமிழ்நாட்டில் சிசு மரணம் 2020இல் ஆயிரம் பிறப்புக்கு 13, இந்தியாவில் 28. மகப்பேறு மரணம் 2018-20இல் லட்சம் பிறப்புக்கு 54. இந்தியாவில் 97, கேரளத்தில் 19. குள்ளத்தன்மை, இரத்தசோகை ஆகியவற்றுக்குத் தேசிய குடும்ப நல ஆய்வு. அதில் மாவட்ட அறிக்கையும் உண்டு.

மாவட்டத்துக்குக் கீழே போகும்போது இரண்டு பொறிகள். ஒன்று, பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருக்கும் ஊரில் அல்ல. பெரிய அரசு மருத்துவமனை உள்ள நகரத்துக்குச் சுற்று மாவட்டங்களிலிருந்து ஆபத்தான பிரசவங்கள் எல்லாம் வரும். அந்த நகரத்தின் மரணக் கணக்கு கூடித்தான் தெரியும். குடியிருக்கும் ஊர்வாரியாகப் பிரித்த தகவலைக் கேட்டு வாங்குங்கள்.

மற்றொன்று சிறிய எண்களின் ஆட்டம். ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்கு 20,000 பிறப்பு, விகிதம் 13 என்றால் 260 சிசு மரணம். இந்த எண் தற்செயலாக எவ்வளவு ஆடும் என்று தோராயமாக அறிய, அதன் வர்க்கமூலத்தை இருமடங்காக்குங்கள். 260இன் வர்க்கமூலம் சுமார் 16. அதன் இருமடங்கு 32. அதாவது எதுவுமே மாறாவிட்டாலும் ஓராண்டு 228, மறு ஆண்டு 292 என்று வரலாம்; விகிதம் 11.4க்கும் 14.6க்கும் இடையே ஆடும். 1,500 பிறப்பு உள்ள ஓர் ஒன்றியத்தில் இந்த ஆட்டம் 7 முதல் 19 வரை போகும். மகப்பேறு மரணத்தை மாவட்ட அளவில் ஆண்டுதோறும் ஒப்பிடவே கூடாது: 20,000 பிறப்புக்கு 11 மரணம், அது 4 ஆகவும் 18 ஆகவும் தற்செயலாகவே மாறும். ஐந்தாண்டைச் சேர்த்துப் பாருங்கள், அல்லது பிறப்பு எடை, ஹீமோகுளோபின் போன்ற எல்லோருக்கும் அளக்கப்படும் அளவுகளுக்குப் போங்கள். ஒவ்வொரு மரணமும் ஒரு வீட்டின் இழப்பு. அதைத் தனியாக விசாரித்தே தீர வேண்டும், ஆனால் அதை வைத்து விகிதம் பேசக்கூடாது.

பக்கத்தில் ஒன்றை வைத்துப் பாருங்கள்

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரின் குள்ளத்தன்மை 2015-16இல் 27.1 சதவீதம், 2019-21இல் 25.0. இரண்டு புள்ளி குறைந்தது. திட்டங்களின் வெற்றி என்று எழுதத் தோன்றும். அதே காலத்தில் இந்தியா முழுக்க 38.4லிருந்து 35.5 ஆனது, அதாவது 2.9 புள்ளி. தமிழ்நாடு இன்னும் வெகுவாக முன்னால் இருக்கிறது. 1982இல் விரிந்த சத்துணவும் அதற்கு முந்தைய பிந்தைய முதலீடுகளும் அந்த இடைவெளியில் பங்கு பெற்றிருக்கும். ஆனால் இந்த ஐந்தாண்டு இறக்கத்தை இந்த ஐந்தாண்டுச் செலவின் கணக்கில் எழுத இந்த எண்கள் இடம் தரவில்லை.

இரத்தசோகையில் கவலை இன்னும் கூடுதல். குழந்தைகளிடம் 50.7லிருந்து 57.4க்கு ஏறியது. நாடு முழுக்கவும் ஏறியிருக்கிறது. அரிசியால் வயிறு நிறையும், இரும்புச்சத்து ஏறாது. தட்டில் எது இருக்கிறது என்று பார்க்கச் சொல்லும் எண் இது.

திட்டம் ஒரே நாளில் எங்கும் தொடங்காமல் கட்டம் கட்டமாகப் போனால் அதுதான் நல்ல வாய்ப்பு. காலை உணவு 2022 செப்டம்பர் 15இல் 1,545 பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. இடைப்பட்ட 11 மாதத்தில் முன்னே கிடைத்த பள்ளியின் வருகை மாற்றத்திலிருந்து, காத்திருந்த பள்ளியின் வருகை மாற்றத்தைக் கழியுங்கள். முதல் கட்டப் பள்ளிகள் குலுக்கலில் எடுத்தவை அல்ல; மாநகராட்சி, மலைப்பகுதிப் பள்ளிகள் இருந்தன. மலைப்பள்ளிக்கு மலைப்பள்ளி, நகரத்துக்கு நகரம் என்று இணை சேர்த்து ஒப்பிடுங்கள். பள்ளிகள் மூடிக்கிடந்த 2020-21ஐ "முன்" என்று எடுக்காதீர்கள்.

கிடைக்காத எண்ணைக் கேட்டு வாங்க

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். பதிலுக்கு 30 நாள். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தில் இருப்பதைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்: "இந்த ஒன்றியத்தில் கடந்த மூன்று நிதியாண்டுகளில் மகப்பேறு நிதியுதவி பெற்ற ஒவ்வொருவருக்கும், பெயர் நீக்கி, கர்ப்பம் பதிவான தேதி, பிரசவத் தேதி, ஒவ்வொரு தவணையும் பெட்டகமும் வழங்கிய தேதி ஆகியவற்றைப் பட்டியலாகத் தரவும்." பெயர் நீக்கி என்ற சொல் முக்கியம், அது இல்லாவிட்டால் தனிநபர் தகவல் என்று மறுத்துவிடுவார்கள். தேதி இல்லாமல் மொத்தத் தொகை மட்டும் வந்தால், பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.