பி.பி. மாடலை ஒரு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள்

சேலத்தில் பொறியியல் மாணவர்களின் புராஜெக்ட்டுகளை அவ்வப்போது பார்க்கிறேன். ரத்த அழுத்தத்தை உடல் எப்படிச் சமாளிக்கிறது என்று கம்ப்யூட்டரில் மாடல் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் ரத்தத்தைக் குழாய்களின் தடையால் பெருக்கினால் அழுத்தம் வந்துவிடும். கழுத்துத் தமனியின் அழுத்த உணரிகளுக்கு ஒரு ஃபீட்பேக் போட்டால் வேலை முடிந்தது. படுத்திருந்தவர் எழுந்ததும் அழுத்தம் சரிந்து, சில நொடிகளில் மீள்கிறது. கிராஃப் அழகுதான். இதையே ஒரு வாரத்துக்கு ஓடவிடச் சொன்னால் முழிக்கிறார்கள்.

அந்தப் பெருக்கல் கணக்கு பொய்யல்ல. ஆனால் அதில் தடையை ஏற்றினால் அழுத்தமும் ஏறி அங்கேயே நின்றுவிடும். உடலில் நிற்காது. அழுத்தம் கூடினால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் அதிகமாக வெளியேற்றும், ரத்தத்தின் அளவு குறையும், அழுத்தம் பழைய இடத்துக்கு வரும். மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டபின் உபரி நீர் 16 கண் மதகு வழியே போவது மாதிரி. (அங்கே மதகைத் திறக்க ஆள் வேண்டும், சிறுநீரகத்துக்கு வேண்டாம்.) நாள்பட்ட பி.பி.யில் அந்த 120 அடியே 150 அடியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்க உடலியல் அறிஞர் ஆர்தர் கைட்டனும் கூட்டாளிகளும் 1972-இல் வெளியிட்ட, 350-க்கும் மேற்பட்ட கணக்குக் கட்டங்கள் (blocks) கொண்ட ரத்த ஓட்ட மாடலின் மையமே சிறுநீரகத்தின் இந்த வேலைதான்.

அடுத்தது, அழுத்த உணரிகளுக்கு என்றைக்கும் மாறாத ஓர் இலக்கை எழுதிவிடுவது. அழுத்தம் ஓரிரு நாள் உயர்ந்தே இருந்தால் அவை அதையே இயல்பு என்று ஏற்றுக்கொள்கின்றன. இந்த உணரிகளின் நரம்பை வெட்டிய நாய்களில் அழுத்தம் நாள் முழுக்கத் தாறுமாறாக ஆடியது; ஆனால் 24 மணி நேரச் சராசரி ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது.

அதனால் எழுந்து நிற்கும் சோதனையோடு நிறுத்தாதீர்கள். மாடலில் இருப்பவருக்குத் தினமும் இரண்டு தட்டுவடை செட் கூடுதலாகக் கொடுத்து, உப்பு வரத்தை ஏற்றிப் பாருங்கள். ஆரோக்கியமானவர் என்றால் அழுத்தம் கொஞ்சம்தான் நகர வேண்டும். எகிறினால் சிறுநீரகப் பகுதியில் கோளாறு.

120/80-இன் சராசரியை 100 என்று போடுகிறவர்களும் உண்டு. இதயம் விரிந்திருக்கும் நேரம்தான் அதிகம் என்பதால் சுமார் 93.

அப்புறம், நொடிகளில் நடப்பதையும் நாட்களில் நடப்பதையும் ஒரே மாடலில் வைத்துவிட்டு, ஒரு நிமிட இடைவெளியில் சாதாரண ஆய்லர் முறையில் (இப்போதைய மாற்ற வேகத்தை வைத்தே அடுத்த மதிப்பைக் கணிக்கும் எளிய வழி) கணக்கிட்டால் எண்கள் தாறுமாறாகிவிடும். நான் இரண்டு நாள் உடலியலில் தப்பு தேடினேன். தப்பு சால்வரில், அதாவது சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலில் இருந்தது.