பேச்சை மாற்ற எந்த ஆங்கில வினை?

பேசிக்கொண்டிருக்கும் பொருளை விட்டு ஒருவர் வேறொன்றுக்குப் போனதை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முன், முதல் பேச்சு முடிந்துவிட்டதா, அவர் வேண்டுமென்றே மாற்றினாரா என்ற இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மஞ்சக்குப்பத்து வீட்டுக்கு வந்த அத்தை, 'கல்யாணம் எப்போதப்பா?' என்று கேட்கும்போது, பையன் சில்வர் பீச்சில் கூட்டம் எப்படி என்று விசாரித்து நழுவினால், 'ஹி சேஞ்ச்டு தி சப்ஜெக்ட்' என்பதே பொருந்தும். பிடிகொடுக்காமல் மழுப்பினான் என்ற குறிப்பு இத்தொடரில் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, வரவு செலவைப் பேசி முடித்துவிட்டு அடுத்ததை எடுத்த மேலாளரைப் பற்றி இப்படி எழுதினால், அவர் எதையோ மறைக்கிறார் என்று படிப்பவர் நினைக்கக்கூடும். அங்கே 'மூவ்டு ஆன் டு' வேண்டும். மேடையுரைக்கும் அறிக்கைக்கும் 'டர்ன் டு' கம்பீரமாக இருக்கும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அம்மொழியின் 'ஷான்ஜே த சுஜே' என்ற தொடரில் 'லெ' என்னும் சுட்டுச்சொல் வராது. ஆங்கிலத்திலோ ஒருமையில் 'தி' இல்லாமல் 'சேஞ்ச் சப்ஜெக்ட்' என்றால் குறையாகவே ஒலிக்கும்.

நேர்முகத் தேர்வில் வேலையில்லாமல் இருந்த காலத்தைப் பற்றிக் கேட்டபோது, ஒரு பெண் அப்போது தான் கற்ற கணக்கியல் மென்பொருளைச் சொல்லி, பேச்சைத் தன் திறமையின் பக்கம் மெல்லத் திருப்பினால், அது 'ஸ்டியர்'. எதை நோக்கி என்றால் 'டுவர்ட்ஸ்', எதிலிருந்து விலக்கி என்றால் 'அவே ஃப்ரம்' சேரும். கேள்வியையே தட்டிக்கழித்தால் 'டிஃப்ளெக்ட்'. அதற்குச் செயப்படுபொருள் அந்தக் கேள்விதான்.

நம் பேச்சில் 'டைவர்ட் பண்ணாதே' என்பது சரளமாகப் புழங்குகிறது, தமிழுக்குள் அது இருந்துவிட்டுப் போகட்டும். அதை அப்படியே 'டோன்ட் டைவர்ட்' என்று ஆங்கிலமாக்கினால், எதைத் திருப்பக் கூடாது என்ற கேள்வி தொக்கி நிற்கும்; போக்குவரத்து, கவனம் என்று ஏதேனும் ஒன்றை அவ்வினை கேட்கும். 'டைக்ரெஸ்' இதற்கு நேர்மாறானது, செயப்படுபொருளை ஏற்காது. சொல்லவந்ததை விட்டுக் கிளைக்கதைக்குள் போய்விடும் பேச்சாளருக்கு அது உரியது.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழைபிசகாமல் நகர்வதற்கு 'செக்வே' (segue) உண்டு. இத்தாலிய இசைக்குறிப்பிலிருந்து வந்த சொல், எழுத்தைப் பார்த்து 'சேக்' என்று படித்துவிடக் கூடாது. புதிதாக ஒன்றை எடுத்ததை மட்டும் சொல்ல 'பிரிங் அப்' போதும். பேச்சையே விட்டுவிடச் சொல்வதற்கு 'டிராப்' இருக்கிறது, ஆனால் 'டிராப் இட்' என்று பெரியவர்களிடம் சொன்னால் அதட்டுவதாகிவிடும்.