தீபாவளி விளக்குச் சரம் தாளம் தப்பாமல் மின்ன

மொரீசியஸில் தீபாவளிக்கு அகல் விளக்குகளோடு எல்.இ.டி. சரங்களையும் வாசலில் ஏற்றும் நம்மவர்களுள், அவற்றை ராஸ்பெர்ரி பை பிக்கோ என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் ரஸ்ட் நிரல்மொழியின் எம்பஸி கட்டமைப்பைக் கொண்டு தாமே இயக்குவோருக்கான குறிப்பு இது. செயலியை வெறுமனே சுற்றவிட்டுக் காலம் கடத்தும் தாமத நிரலை அசிங்க் பணிக்குள் (காத்திருக்கும்போது மற்றப் பணிகளுக்கு வழிவிடும் நிரல்பகுதிக்குள்) எழுதாதீர்கள். அந்த நேரம் முழுவதும் அதே எக்சிகியூட்டரில் (பணிகளை மாறிமாறி இயக்கும் பகுதியில்) உள்ள மற்றப் பணிகளும் நின்றுவிடுவதால், பொத்தானை அழுத்தினாலும் நிறம் உடனே மாறாது. டைமரை அவெயிட் செய்தால், அதாவது நேரம் முடியும்வரை செயலியை மற்றப் பணிகளுக்கு விட்டுக் காத்திருந்தால், அந்தக் குறை தீரும்.

ஆயினும், சீரான தாளத்துக்கு, சம இடைவெளிகளில் பணியை எழுப்பும் டிக்கரையே நான் பரிந்துரைப்பேன். சுற்றின் முடிவில் வைக்கப்படும் டைமர், நிறங்களை அனுப்பி முடித்த பிறகே எண்ணத் தொடங்குகிறது. டபிள்யூ.எஸ். 2812 வகை விளக்கு ஒவ்வொன்றுக்கும் 24 பிட்டுகள், பிட்டுக்கு 1.25 மைக்ரோவினாடி என்று கணக்கிட்டால், 300 விளக்குகளுக்கு அனுப்புவதற்கு மட்டுமே 9 மில்லிவினாடி ஆகும். நீங்கள் குறித்த 20 மில்லிவினாடி இடைவெளி குறைந்தது 29 ஆக நீண்டுவிடும். டிக்கரோ அனுப்பும் நேரத்தையும் உள்ளடக்கி, அடுத்த சுற்றைச் சரியாக 20ஆவது மில்லிவினாடியில் எழுப்பும்.